வால்வுச் சாவி

நகராட்சி ஆணை ஒற்றை வரி:
ஆகஸ்ட் இரண்டு, சதுக்கத்து நீரூற்று இயங்காது.
'பழுது' என்று பலகை மாட்டச் சொன்னார்கள்.
பழுது ஒன்றுமில்லை. போன வாரம்தான்
பம்புக்குப் புது வாஷர் போட்டிருந்தேன்.

இவானோவோவில் குழாய்க்காரன் நான்.
நெசவாலைகளின் ஊர்.
மணப்பெண்களின் ஊர் என்று ரயிலில் யாரும் சொல்வார்கள்.
மணமகன்கள் எங்கே போனார்கள்
என்று ரயிலில் யாரும் கேட்பதில்லை.

இன்று வான்குடைப் படையின் நாள்.
நீலத் தொப்பி, கோடு போட்ட பனியன்,
காலையில் தேவாலயம், அப்புறம் கல்லறைகள்,
மதியத்துக்கு மேல் தர்பூசணி,
வெயில் சாயும்போது நீரூற்றில் தொபுக்கடீர்.
மேகத்திலிருந்து குதித்தவர்களுக்கு
முழங்கால் தண்ணீரில் என்ன இருக்கிறதோ!
மறுநாள் விடியலில் தோல்களை அள்ளுகிறவன் நான்.
ஒரு வருஷம் பொய்ப்பல் செட்டு ஒன்று கிடைத்தது.
இரண்டு வாரம் வைத்திருந்தேன்,
தேடி யாரும் வரவில்லை.

இலியா தீர்க்கதரிசியின் நாளும் இதுவேதான்.
இதற்குமேல் ஆற்றில் இறங்காதே,
தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்பார்கள் எங்கள் பக்கம்.

எனக்குத் தட்டைப் பாதம்.
ஈரக்காலைத் தரையில் பதிக்கச் சொல்லி
சுவடைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார் ராணுவ டாக்டர்.
தம்பி ரொதியோனுக்கு நல்ல வளைவு.

முதல் விடுப்பில் வந்தவன்
கட்டில் விரிப்பை உருவிக் கூடத்தில் நீட்டினான்.
"கயிறுகளைச் சிக்கெடுக்கணும், தலைமுடி மாதிரி.
மடிப்புக்குள் காற்று தங்கக் கூடாது.
அவனவன் குடையை அவனவன்தான் மடிக்கணும்.
மடித்துவிட்டுச் சின்ன நோட்டில் எழுதணும்:
நானே மடித்தேன். கீழே கையெழுத்து."
விரியலேன்னா?
"யார்மேலும் புகார் கொடுக்க முடியாது,"
என்று சிரித்தான்.
அம்மா வந்து விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

எண்ணூறு மீட்டர் உயரம். மண்ணுக்கு இரண்டரை நிமிஷம்.
"அந்த இரண்டரை நிமிஷம் மட்டும்
எனக்கு உத்தரவு போட ஒருத்தனும் இல்லை அண்ணா."

நம்மை விட்டால் யாருமில்லை
என்பது அந்தப் படையின் வாசகம்.
கொடியில், கார்க் கண்ணாடியில், தோளில் பச்சையாக.
பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது, ஊர்ப் பெயர் இல்லாமல்.
அதன்பின் எங்கள் சமையலறையில்
அந்த வாசகத்தின் கடைசிச் சொல் மட்டும் மிச்சம்.

வந்தார்கள்.
காய்ந்த தொட்டியைப் பார்த்ததும் கெட்ட வார்த்தையில் ஒரு அலை.
ஆப்கானுக்குப் போய் வந்த சவேலி
தர்பூசணியைப் பலகைமேல் வைத்தே அறுத்தார்.
காவலுக்கு நின்ற பையன்
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒருவன், இருபத்திரண்டு இருக்கலாம்,
விளிம்பில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினான்,
காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்தான்.
மற்றதைக் கழற்றவில்லை.
அதற்குள் இருந்தது பிளாஸ்டிக்.
வெறுங்காலைச் சிமென்ட்டில் ஊன்றி
தண்ணீர் வரும் துளையையே பார்த்திருந்தான்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல,
அவ்வளவு பொறுமை.

சாவி என் சட்டைப்பையில்.
மூடியைத் தூக்கிக் குழிக்குள் இறங்கினேன்.
துரு வாசனை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன்.
திருகினேன்.

கீழிருந்து ஒன்றும் தெரியாது.
குழாய் ஒருமுறை இருமியது.
அப்புறம் தலைக்குமேல்
நூறு கால்கள் ஒரே நேரத்தில் விழுகிற சத்தம்.
கத்தினார்களா, அழுதார்களா,
சிமென்ட் வழியாக இரண்டும் ஒன்றுதான்.
மூடியின் விளிம்பிலிருந்து ஒரு தர்பூசணி விதை
சொட்டோடு சொட்டாக என் காலருக்குள் இறங்கியது.

இரண்டரை நிமிஷம்.
மூடினேன். பத்து விநாடி கூடவே இருக்கும்.

சாயங்காலப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
நேரம். அளவு. உத்தரவிட்டவர் பெயர்.
முதல் இரண்டையும் சரியாக நிரப்பினேன்.
மூன்றாவதில் கொஞ்சம் யோசித்து
நானே திறந்தேன் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
பேனா பாதியில் நின்றது.
'ன்' மட்டும் பென்சிலில்.